செயற்கைக் கஞ்சாவும் மூளையும்

சென்ற பூஜை விடுமுறையில் எங்கள் விடுதி பாதிக்குமேல் காலியாக இருந்தது. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத நாங்கள் சிலர் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவன் என்னிடம் மெல்லக் கேட்டான்: “அண்ணே, இந்தச் செயற்கைக் கஞ்சா என்கிறார்களே, அதுவும் கஞ்சா மாதிரிதானே? பரிசோதனையில்கூடத் தெரியாதாம். கொஞ்ச நாள் இழுத்துவிட்டு விட்டுவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?”

“கெடுதல், தொடாதே” என்று மட்டும் சொன்னேன். அது பதிலாகாது என்று அவன் முகமே காட்டிற்று. விஞ்ஞானம் படிக்கிறவன் காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் இடுவது அழகன்று. அவன் கேள்விக்குள் மூன்று எண்ணங்கள் இருந்தன: இதுவும் கஞ்சாவும் ஒன்று, பரிசோதனையில் தெரியாதது பாதகமில்லாதது, விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லூரித் தெருவில் நடந்த சோதனை

கஞ்சாவைப் பற்றிய விஞ்ஞான ஆராய்ச்சி நமக்கு அயலூர்ச் சரக்கு அன்று. நாம் பழைய புத்தகம் தேடி அலையும் காலேஜ் ஸ்ட்ரீட்டில், 1835-இல் நிறுவப்பட்ட மருத்துவக் கல்லூரியில், வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற அயர்லாந்து நாட்டு மருத்துவர் ரசாயனப் பேராசிரியராக இருந்தார். 1839-இல் அவர் கஞ்சாவின் குணங்களைப் பற்றி எழுதிய கட்டுரையே மேனாட்டு மருத்துவ உலகின் கவனத்தை அச்செடியின்பால் திருப்பியது. முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வாதம், இசிவு நோய், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்தாகக் கொடுத்தார்.

அவருடைய மாணவர்கள் சிலரும் தாமாக முன்வந்து அம்மருந்தை உட்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் அடக்கமான, நல்லொழுக்கமுள்ள இளைஞர். மருந்து ஏறியதும் தம்மை ஒரு ராஜாவாகவே நினைத்துக்கொண்டு பரிவாரங்களுக்கு ஆணையிடத் தொடங்கிவிட்டாராம். உடன் படித்தவர்களையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் ஓஷானஸி சிரித்துவிட்டு நிறுத்தவில்லை. கஞ்சாவை ஜாக்கிரதையின்றி உபயோகிப்பதால், முக்கியமாக இளைஞர்களிடம், ஒருவிதச் சித்தப்பிரமை உண்டாகிறது என்பதையும் அதே கட்டுரையில் எழுதிவைத்தார். மருந்தென்று போற்றியவரே எச்சரிக்கையும் செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1964-இல்தான் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் எஹியேல் கவோனியும் டெட்ராஹைட்ரோகன்னபினால் என்ற பொருளைக் கஞ்சாவிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக டி.எச்.சி. என்பார்கள். 1988-இல் மூளையில் அப்பொருள் பற்றிக்கொள்ளும் இடமும் கண்டுபிடிக்கப்பட்டது. சி.பி.1 ஏற்பி என்று அதற்குப் பெயர்.

பந்தியில் நீட்டும் கை

செடியில் உள்ள பொருளுக்கு நம் மூளையில் ஏன் இடம் இருக்க வேண்டும்? காரணம், அந்த இடம் செடிக்காக ஏற்பட்டதன்று. நம் மூளையே அதுபோன்ற பொருள்களை உற்பத்தி செய்துகொள்கிறது. 1992-இல் முதலாவது பொருள் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஆனந்தம் என்ற நம் நாட்டுச் சொல்லைக் கொண்டே அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள்.

இப்பொருள்களின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு வருகிறார்; ஊற்றுகிறார். போதுமானது வந்ததும் இலைக்கு மேலே கையை நீட்டி, “போதும்” என்கிறோம். அவர் அடுத்த இலைக்கு நகர்கிறார். மூளையிலும் ஒரு நரம்பணு மற்றொன்றுக்கு ரசாயனத் தூதுகளைப் பரிமாறிக்கொண்டே இருக்கிறது. பெறுகிற அணு அளவு மீறும்போது ஆனந்தமைடு போன்ற பொருளைப் பின்னோக்கி அனுப்புகிறது. அது பரிமாறும் அணுவின் சி.பி.1 ஏற்பியைத் தொட்டு, “போதும்” என்கிறது. தேவையான இடத்தில், தேவையான கணத்தில் மட்டும் நீளும் கை அது.

கஞ்சா புகைப்பவன் மூளையில் என்ன நடக்கிறது? வெளியாள் ஒருவன் பந்தி முழுவதற்கும் கேட்கும்படி, “போதும், போதும்” என்று கூவுகிறான். பரிமாறுகிறவர்கள் தயங்குகிறார்கள், சில இலைகளில் சோறு இருக்கிறது, குழம்பு இல்லை. இந்த ஏற்பிகள் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும், அசைவைச் சீராக்கும் சிறுமூளையிலும், திட்டமிடுவதற்கும் தன்னை அடக்குவதற்கும் உரிய முன்மூளையிலும் மிகுதியாக இருக்கின்றன. நேரம் நீளுவதும், சொல்ல வந்தது மறந்துபோவதும் இதனால்தான்.

ஒரே பெயர், வேறு பொருள்

இனி முதல் எண்ணத்துக்கு வருவோம். செயற்கைக் கஞ்சாவில் கஞ்சா கிடையாது. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹஃப்மன் என்ற ரசாயன ஆசிரியர், சி.பி.1 ஏற்பியை ஆராய்வதற்காக நூற்றுக்கணக்கான பொருள்களை 1990-களில் தயாரித்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்ட ஜே.டபிள்யூ.எச்.-018 அவற்றுள் ஒன்று. ஆராய்ச்சி ஏடுகளில் வெளியான செய்முறையைக் கள்ள வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் ஐரோப்பாவில் ‘ஸ்பைஸ்’ என்ற பெயரில் விற்ற வாசனைத் தழைப் பொட்டலங்களைச் சோதித்தபோது அதே பொருள் அகப்பட்டது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? டி.எச்.சி. அந்த ஏற்பியை ஓரளவுதான் இயக்கும். எவ்வளவு புகைத்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. செயற்கைப் பொருள்களில் பெரும்பாலானவை ஏற்பியை முழு அளவுக்கு இயக்கிவிடுகின்றன. பந்தியில் கூவுகிறவன் குரல் இப்போது பரிமாறுகிறவர்களை அப்படியே நிற்கவைத்துவிடுகிறது.

2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரே நாளில் 33 பேர் தெருவில் சிலைபோல் நின்றும் விழுந்தும் கிடந்தார்கள். அவர்கள் புகைத்த தழையிலிருந்த பொருள், ஆய்வுக்கூடக் கணக்கில், டி.எச்.சி.யைவிட ஏறத்தாழ 85 மடங்கு வீரியமுள்ளது. அன்றியும், மருந்தைக் கரைத்துத் தழைமேல் தெளிக்கும்போது அது எங்கும் சமமாகப் படிவதில்லை. ஒரே பொட்டலத்தில் ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது; அடுத்த சிட்டிகை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவது எண்ணத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை டி.எச்.சி.யின் சிதைவுப் பொருளைத்தான் தேடும். செயற்கைப் பொருளின் அமைப்பு வேறாதலால் அகப்படுவதில்லை. ஆகவே, பரிசோதனையில் தெரியாது என்பது அது சாது என்பதற்கு அத்தாட்சியன்று. அது கஞ்சாவே அன்று என்பதற்குத்தான் அத்தாட்சி. மயங்கி விழுந்தவனைச் சோதிக்கும் மருத்துவருக்கும் அது தெரியாமல் போகிறது என்பதே இதிலுள்ள அபாயம்.

நாட்பட்டால்

மூளை சும்மா இருப்பதில்லை. நாள்தோறும் அதே கூச்சல் கேட்டால், பரிமாறுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள் அல்லவா? நரம்பணுவும் தன் மேற்பரப்பிலுள்ள சி.பி.1 ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய அளவு பற்றாமல், அளவு ஏறுகிறது. பிறகு ஒருநாள் பொருள் கிடைக்காமல் போனால், கூவுகிறவனும் இல்லை. உரிய கை “போதும்” என்று நீண்டாலும் கேட்பாரில்லை. வாளிகள் வழிந்தோடுகின்றன. தூக்கமின்மை, நடுக்கம், வாந்தி, வியர்வை, பதற்றம், சிலருக்கு வலிப்பு ஆகியவை அதன் வெளித்தோற்றம். சாதாரணக் கஞ்சாவை விட்டவர்களைவிடச் செயற்கைப் பொருளை விட்டவர்களுக்கு இத்துன்பம் கடுமையாக இருக்கிறது.

நெடுநாள் உபயோகித்தவர்களைச் சோதித்த ஆய்வுகளில், ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றொன்றைச் செய்யும் திறன், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறன், அவசரத்தை அடக்கும் திறன் ஆகியவை குறைந்து காணப்பட்டன. கணக்குப் போடுவதும், விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதும் இந்தத் திறன்களால்தான் அல்லவா? மூளைப் படங்களில் சில பகுதிகளின் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருப்பதும் தெரிந்தது. இவ்வாய்வுகள் சிறியவை, உட்பட்டவர்களில் பலர் வேறு போதைப் பொருள்களும் கொண்டவர்கள். ஆகவே எல்லாப் பழியையும் இதன்மேல் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் பிறர் தன்னைத் துரத்துவதாக நினைப்பதும், இல்லாத குரலைக் கேட்பதும் செயற்கைப் பொருளால் அடிக்கடி வருகின்றன என்பது மருத்துவமனைகளில் கண்ட உண்மை. குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கு இவ்வபாயம் மிகவும் அதிகம்.

இன்னொன்று: முன்மூளை முழு வளர்ச்சியடைய ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகிறது. 23 வயதான எனக்கும், என்னைவிட இளையவனான அத்தம்பிக்கும், மூளை இன்னும் கட்டி முடியாத வீடு. சுவர் ஈரமாக இருக்கும்போது விழும் கீறல் எளிதில் மறையாது.

மீள முடியுமா?

மூன்றாவது எண்ணத்துக்குப் பாதி விடைதான் ஆறுதலானது. நாள்தோறும் கஞ்சா புகைத்தவர்களின் மூளையில் குறைந்திருந்த சி.பி.1 ஏற்பிகள், ஏறத்தாழ நான்கு வாரம் நிறுத்திய பின் பழைய நிலைக்கு வந்ததை 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று. மூளைக்கு மீளும் சக்தி உண்டு. விடுவதற்குக் காலம் கடந்துவிடவில்லை. ஆனால் அது சாதாரணக் கஞ்சாவைப் பற்றிய ஆய்வு. அந்த ஆறுதலை இதற்கும் அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. வந்துவிட்ட மனநோய் சிலருக்குப் பொருளை நிறுத்திய பின்னும் நீடித்திருக்கிறது.

நண்பர்களே, வீட்டை விட்டு ஆயிரம் மைலுக்கு மேல் வந்து படிக்கும் நமக்கு, பக்கத்து அறைக்காரனே அண்ணன், தம்பி. ஒருவன் சில வாரமாக வகுப்புக்குப் போகாமல், தூங்காமல், தனக்குள் பேசிக்கொண்டிருந்தால், அவனைக் கேலி செய்ய வேண்டாம், அருகில் உட்காருங்கள். நெடுநாள் உபயோகித்தவனைத் திடீரென்று தனியே விடச் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிப்போ நெஞ்சுவலியோ கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எதைப் புகைத்தான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை சொல்லாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண்கள் உண்டு.

அன்று மொட்டை மாடியில் நான் சொல்லத் தவறியதை இன்று அத்தம்பிக்குச் சொல்கிறேன்: தம்பி, “போதும்” என்று சொல்ல உன் மூளைக்கே தெரியும். அந்தக் கையை வெளியாளிடம் கொடுத்துவிடாதே.