நிலைக்கும் பெயர்

பெயர்ச்சொல்லை இடுகுறி என்றும் காரணம் என்றும், பொது என்றும் சிறப்பு என்றும் பகுத்தனர் நம் இலக்கண நூலார். கணினிக் காவல் மென்பொருள்களின் பெயர்களை ஆராயவும் அப்பகுப்பு நமக்குத் துணைபுரிகின்றது.

காவற்கருவிக்குப் பெயர் வெறும் அணிகலன் அன்று. பயன்படுத்துவோர் பெயர்கொண்டே அதனைத் தேடுகின்றனர். பெயரை நம்பியே தம் கணினியில் ஏற்றுகின்றனர். இடையில் பெயர் மாறினால், அதனை அறியாதார் திருத்தம் பெறாத பழைய பதிப்பையே கையாள்வர். பழுதுற்ற பூட்டை நம்பி உறங்குவதை ஒக்கும் அது.

1995இல் டான் ஃபார்மரும் வீட்ஸே வெனிமாவும் வலையமைப்பின் குறைகளைக் கண்டறியும் கருவியொன்றை வெளியிட்டனர். அதன் ஆங்கில விளக்கத்தின் முதலெழுத்துகள் இணைந்து 'சாத்தான்' என நின்றன. காரணப்பெயரே, ஆயினும் செவிக்கு இனியதன்று. அச்சொல்லைச் 'சான்டா' என மாற்றித் தரும் சிறு நிரலொன்றையும் ஆக்கியோரே உடன் வைத்தனர். அந்நிரலின் பெயர் 'ரிப்பென்ட்'. 'மனம் வருந்தித் திருந்துக' என்பது பொருள். காரணம் பொருந்தினால் மட்டும் போதாது. சொல் அவைக்கும் ஏற்றதாதல் வேண்டும்.

1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் வெளியிட்ட 'ஈதீரியல்', வலையமைப்பில் செல்லும் தகவற் பொட்டலங்களைப் பிரித்துக் காட்டுவது. 2006இல் அவர் வேறு நிறுவனத்திற் பணியேற்றார். நிரலின் பெரும்பகுதிக்குப் பதிப்புரிமை அவருடையது; வணிகக்குறியோ அவரிடம் இல்லை. நிரல் உடன் வந்தது, பெயர் வரவில்லை. எனவே 'வயர்ஷார்க்' என்னும் புதுப்பெயர் பிறந்தது. பழம்பெயரில் வளர்ச்சி நின்றுபோயிற்று.

1995இல் ஃபின்லாந்தின் டாட்டு உலோனென் ஆக்கியது 'எஸ்எஸ்ஹெச்'. 1999இல் தோன்றிய 'ஓப்பன்எஸ்எஸ்ஹெச்' குழுவினர் தம் பெயரை மாற்ற வேண்டுமென 2001இல் அவர் கேட்டார். அதற்குள் அப்பெயர் தகவற்பரிமாற்ற நெறிமுறைக்கே உரியதாய்ப் பரவியிருந்தது. குழுவினர் இசையவில்லை; பெயர் இன்றும் நிலைத்துள்ளது. சிறப்புப்பெயர் பொதுப்பெயராய்விடின் அதனை மீட்டல் அரிது.

ஆகவே, மென்பொருள் ஆக்க முனையும் மாணவச் செல்வங்கள் தொடக்கத்திலேயே மூன்றனை எண்ணுதல் நன்று: பெயர் எளிதில் ஒலிக்குமா? பிறர்க்கு முன்பே உரியதா? ஆக்கியோன் இடம் மாறினால் அது யாருக்கு உரியது? இம்மூன்றாவது வினாவிற்கான விடையை எழுத்தில் வைத்தல் வேண்டும். உடைமைக்குச் சான்று தேடும் நாம், பெயருக்கும் அதனைத் தேடுவோமாக!