வேலை போனால் குழாயும் போகுமா?

பினாங்கில் தண்ணீர்ப் பிரச்சினை என்றாலே சுங்கை மூடாதான் நம் நினைவுக்கு வரும். மாநிலத்தின் நீர்த் தேவையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அந்த ஆறுதான் தருகிறது. ஆறு பிறப்பதோ கெடாவில். கெடா பணம் கேட்பதும் பினாங்கு மறுப்பதும் பல ஆண்டுகளாக நாம் வாசிக்கும் செய்தி.

அதிகம் பேசப்படாத இன்னொரு தண்ணீர்ச் சட்டமும் உண்டு. அது தோட்டத்து லயங்களைப் பற்றியது.

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம், அதாவது சட்டம் 446, தொழிலாளிக்கு வீடு தரும் தோட்ட முதலாளி போதிய குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. பொதுக் குழாயிலிருந்து அந்த நீர் வர வேண்டும். அது முடியாத இடத்தில், தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் அனுமதியோடு வேறு நீர்நிலையிலிருந்து எடுக்கலாம். 2019இல் திருத்தப்பட்ட இச்சட்டம், 2020 ஜூன் முதல் மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களையும் கண்காணிக்கிறது.

நல்ல சட்டம்தான். ஆனால் அது தண்ணீரை வேலையோடு கட்டிப் போட்டிருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டாலோ, அப்பா ஓய்வுபெற்றாலோ, முதலாளியின் கடமை எதுவரை என்ற கேள்வி எழுகிறது. தோட்டம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால், நீர் நிறுவனத்தின் கணக்கில் வாடிக்கையாளர் தோட்ட நிர்வாகம்தான். மூன்று தலைமுறையாக அங்கே வாழும் குடும்பத்தின் பெயர் எந்தப் பில்லிலும் இருக்காது.

2008 ஜனவரி முதல் அமலில் இருக்கும் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம், தீபகற்பத்தில் நீர் நிறுவனங்களை 'ஸ்பான்' ஆணையத்தின் கண்காணிப்பில் வைத்தது. பில், சேவை பற்றிப் புகார் செய்ய இன்று இடம் இருக்கிறது. ஆனால் தன் பெயரில் கணக்கே இல்லாதவர் எதைக் காட்டிப் புகார் செய்வார்?

வானொலியில் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் முதலில் கேட்பது வீட்டைப் பற்றித்தான். தண்ணீரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. மாற்று வீட்டுக்கான பேச்சுவார்த்தையில், ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பத்தின் பெயரிலேயே தனி மீட்டர் வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இன்னும் வேலையில் இருப்பவர்கள், தண்ணீர் சரியாக வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். நம் பெற்றோரில் பலருக்கு அந்த மனுவை எழுதத் தெரியாது. படித்த பிள்ளைகள் நாம் எழுதிக் கொடுக்கலாமே.