மொய் நோட்டும் டல்லாஸ் பேரமும்

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் பந்தல்காரர்களைப் பிடிக்க முடியாது. ஆவணி முடியும்வரை மொய் விருந்துதான். சிலர் பிள்ளைகளின் காதணி விழாவைச் சாக்காக வைப்பார்கள். பலர் அந்தச் சாக்கும் இல்லாமல் பத்திரிகையில் ‘மொய் விருந்து’ என்றே அச்சடித்துவிடுவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டாரத்திலும், எல்லை தாண்டினால் பேராவூரணிப் பக்கமும் இதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவியவர் நேராக மேசைக்கு வருவார். சட்டைப் பையில் ஒரு மடித்த சீட்டு இருக்கும். வீட்டு மொய் நோட்டைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தது. “அண்ணே, பழசு ஆயிரம், புதுசு ஐந்நூறு. மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு.” எழுதுகிறவர் ஊரையும் பெயரையும் கேட்டு எழுத, பக்கத்தில் இருப்பவர் எண்ணிப் பாத்திரத்தில் போடுவார். இப்போது பல பந்தல்களில் பணம் எண்ணும் இயந்திரமும் அச்சடித்த ரசீதும் வந்துவிட்டன. கணக்கின் முறை மட்டும் மாறவில்லை.

அந்தப் புதுசு ஐந்நூறை வட்டி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி இல்லை. முன்பு வாங்கிய ஆயிரம் அன்றோடு தீர்ந்தது; கூடுதல் ஐந்நூறு, விருந்து வைத்தவர் தலையில் ஏறிய புதுக் கடன். அவர் நாளை இவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்ப வேண்டும், மேலே கொஞ்சம் போட்டு. உறவே வேண்டாம் என்று நினைப்பவர்தான் வாங்கியதை மட்டும் பைசா பிசகாமல் வைத்துவிட்டுப் போவார்.

அப்படியானால் இதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? ஒருவர் கைக்கு வருவது இன்னொருவர் கையிலிருந்து போவதுதான், ஆகவே கூட்டிக் கழித்தால் பூஜ்யம் என்று தோன்றும். பொருளியல் அறிஞர்கள் பெஸ்லி, கோட், லௌரி மூவரும் 1993இல் சுழல்முறைச் சேமிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை, அந்த நினைப்பைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது.

பத்துக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 லட்ச ரூபாயில் ஒரு போர்வெல் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஒதுக்க முடியும். தனித்தனியாகச் சேர்த்தால் பத்துக் குடும்பத்துக்கும் பத்தாவது ஆண்டில்தான் தண்ணீர். எல்லோரும் சேர்ந்து ஆண்டுக்கு ஒருவருக்குக் கொடுத்தால்? முதல் குடும்பத்துக்கு முதல் ஆண்டே கிடைக்கும். சராசரிக் காத்திருப்பு ஐந்தரை ஆண்டாகக் குறையும். கடைசிக் குடும்பம்தான் ஏமாந்ததா என்றால், அதுவும் இல்லை. தனியாகச் சேர்த்திருந்தாலும் அவர்களுக்குப் பத்தாவது ஆண்டுதான். ஒன்பது பேருக்கு லாபம், ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட உள்ளே வரவில்லை; பணம் போய்ச் சேரும் நாள்தான் மாறியது. முதலில் படித்தபோது எங்கோ கணக்கு இடிக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இடிக்கவில்லை.

சூட்சுமம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதோடு ஒப்பிட்டால் கடைசிக் குடும்பம் தோற்றதுபோல் தெரியும். சேராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் படம் வேறு.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது இந்த ஒப்பீட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2025 பிப்ரவரியில் டல்லாஸ், லேக்கர்ஸ், யூட்டா ஆகிய மூன்று அணிகள் ஒரு பேரம் முடித்தன. டல்லாஸின் நட்சத்திரம் லூகா டான்சிச் லேக்கர்ஸுக்குப் போனார். ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி இருவரும் டல்லாஸ் வந்தார்கள்; கூடவே, 2029இல் லேக்கர்ஸ் முதல் சுற்றில் புதுமுக வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்தது. ஓர் இளம் வீரரை ஏற்றுக்கொண்டதற்கு யூட்டாவுக்கு இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள். டான்சிச்சோடு ஒப்பிட்டு யூட்டாவுக்குக் கிடைத்தது அற்பம் என்று சொல்வதில் பொருளில்லை. பேரத்தில் சேராமல் இருந்தால் அந்த இரண்டும் கிடையாது, அவ்வளவுதான்.

டல்லாஸ் ஏமாந்துவிட்டது என்று அன்றே ஊரெல்லாம் தீர்ப்பு. மே மாதம் புதுமுகத் தேர்வு வரிசைக்கான குலுக்கலில், வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு முதலிடம் விழுந்தது. கூப்பர் ஃப்ளாக் என்ற பெரும் திறமைசாலி வந்து சேர்ந்தார். அதற்காகப் பேரம் நல்ல பேரமாகிவிடுமா? ஆயிரம் முறை குலுக்கினால் பதினெட்டு முறை விழுவது அது. முடிவெடுத்த நாளில் கையிலிருந்த தகவலை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். அணி நிர்வாகமும் குலுக்கலில் கிடைத்த அதிர்ஷ்டத்தில் மயங்கவில்லை. பேரத்தை முடித்த பொது மேலாளர் நிகோ ஹாரிசனை அந்த நவம்பரில் வேலையைவிட்டு அனுப்பியது.

வரப்போகும் ஆண்டுகளை இன்றே கைமாற்றும் எந்த ஏற்பாட்டுக்கும் கடிவாளம் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமை கையில் இல்லாமல் போகும்படி எந்த அணியும் விற்கக் கூடாது என்பது என்பிஏ விதி. ஸ்டெபியன் என்ற பழைய உரிமையாளரின் கண்மூடித்தனத்தால் வந்தது, அவர் பெயரிலேயே நிற்கிறது. ஆலங்குடிப் பக்கம் ஒருவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் விருந்து வைக்கலாம் என்பது வழக்கம். இரண்டும் தடுப்பது ஒரே ஆபத்தை: இன்றைய ஆசைக்கு நாளை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவது.

மொய் விருந்து நான் சொன்ன போர்வெல் கணக்குபோல் சுத்தமானது இல்லை. வசூலில் ஒரு பங்கை ஆட்டுக்கறியும் பந்தலும் தின்றுவிடும். அதனால்தான் பலர் ஒரே பந்தலில் கூட்டாக வைக்கிறார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்று 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் சாமானுக்கு ஐந்து ஆண்டு கழித்து 1,338 ரூபாய் வேண்டும். மொய் நோட்டில் இதற்குப் பத்தி கிடையாது. ஒரு பக்கம் கொடுத்தும் மறுபக்கம் வாங்கியும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தேய்மானம் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும். வாங்கவேண்டியது மட்டும் நிறைய நிற்க, இனி விருந்து வைக்கத் தெம்பில்லாத முதியவருக்குத்தான் அடி. அவர் போட்ட பணமெல்லாம் நோட்டில் பத்திரமாக இருக்கும்; பந்தல் போட்டால்தான் அது திரும்பும்.

இன்னொரு அடி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழுவது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டு ஆகும். ஒரு வீடு நொடித்தால் மற்ற வீடுகள் தாங்கும். எல்லா வீட்டு வருமானமும் அதே தென்னையிலிருந்துதான் என்றால் தாங்க யாரும் மிச்சமில்லை. வரிசையில் முன்னால் வாங்கியவர் ஏற்கெனவே போர்வெல் போட்டு முடித்திருந்தார். பின்னால் நின்றவர் கையில் நோட்டு மட்டும்தான் இருந்தது. பத்துக் குடும்பக் கணக்கில் கடைசி ஆளுக்கு நஷ்டமில்லை என்றேனே, அது சுழற்சி அறுபடாதவரை மட்டும்.