பொம்மைக்கு நடை பழக்கின கதை!

"டேய், நீ பத்திரிகையில எல்லாம் எழுதறவன். நீ சொன்னாதான் கேப்பான். நாலு வார்த்தை நல்லபடியா சொல்லி அவனைத் திருத்தி விடுடா!"

அக்கா போனில் அழாத குறை. விஷயம் இதுதான். பி.காம். முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று வீடே நம்பிக்கொண்டிருந்த அவளுடைய பிள்ளை, தில்லைநகரில் கோச்சிங் கிளாஸ் படியேறுவதற்குப் பதிலாக வேறு ஒரு மாடிப்படி ஏறிவிட்டான். வீடியோ கேமில் வருகிற உருவங்களுக்கு நடக்க, ஓட, தாவ, உதை வாங்க, செத்து விழக் கற்றுக்கொடுக்கிற படிப்பாம். ஃபீஸ் 2,40,000 ரூபாய். முன்பணம் 25,000 கட்டியாகிவிட்டது. மீதிக்கு அக்காவின் இரட்டை வடச் சங்கிலி மேல் கண்!

நானும் பி.காம்.தான். எங்கள் குடும்பத்தில் பிறக்கும்போதே குழந்தை வலது பக்கம் வரவு, இடது பக்கம் பற்று என்றுதான் புரண்டு படுக்கும். அப்படிப்பட்ட வம்சத்தில் பொம்மைக்கு நடை பழக்குகிறேன் என்று ஒருத்தன் கிளம்பினால் என்ன செய்வது? உறையூருக்கு பஸ் ஏறினேன்.

பையனோடு அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நானும் போனேன். ஏ.ஸி. அறை. டை கட்டின இளைஞர் லேப்டாப்பில் ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு டிராகன் பறந்தது. ஒரு வீரன் அதன் கழுத்தில் தாவினான். அசந்துபோனேன்.

"இது உங்க ஸ்டூடண்ட் பண்ணதா ஸார்?"

"இல்லை ஸார். இது ரெஃபரன்ஸ்."

"ஸ்டூடண்ட் பண்ணது ஏதாவது..."

"கோர்ஸ் முடியறப்ப உங்க பையனே பண்ணுவான் ஸார்!"

சொல்லித்தருகிற ஆசிரியர் இதற்கு முன் எந்த கேமில் வேலை பார்த்தார் என்று கேட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். 'நூறு சதவிகிதம் வேலை' என்று நோட்டீஸில் போட்டிருந்த இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு நோட்டீஸின் அடிக்குப் போனால், எறும்புக்குக்கூட கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், 'உதவி மட்டுமே'! முன்பணத்தைத் திருப்பிக் கேட்டோம். அதற்கும் ஒரு நட்சத்திரம் இருந்தது. 25,000 போனது போனதுதான்.

வெளியே வந்து டீ குடித்தோம். பையன் முகத்தைப் பார்க்க சகிக்கவில்லை. "சரிடா, இதெல்லாம் வேண்டாம், பேங்க் பரீட்சையே எழுது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை வேறு.

"மூணு மாசம் டயம். என் வீட்டு கம்ப்யூட்டர். பைசா செலவில்லாம ஒரே ஒரு பொம்மையை ஒழுங்கா நடக்க வெச்சுக் காட்டு. உங்கம்மாகிட்ட நான் பேசறேன். முடியலைன்னா, சித்திரை ஒண்ணாம் தேதி பேங்க் புஸ்தகத்தை எடுத்துடணும்."

"நிஜமாவா மாமா?"

சங்கிலி பீரோவிலேயே இருந்தது.

பைசா செலவில்லாமல் என்று சொன்னது வாய்வீச்சு இல்லை. 'பிளெண்டர்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. டோன் ரோசெண்டால் என்கிற டச்சுக்காரர் உருவாக்கினது. அவருடைய கம்பெனி நொடித்துப்போனபோது, அதை விடுவித்து எல்லோருக்கும் பொதுவாக்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. மனிதர் 2002-ல் உலகத்திடம் துண்டை விரித்தார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது! அன்றிலிருந்து இலவசம். 2025-ல் ஆஸ்கார் வாங்கின 'ஃப்ளோ' என்கிற பூனைப் படம் இந்த இலவச மென்பொருளில் செய்ததுதான்.

தினம் சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் வந்துவிடுவான். ஆசிரியர் யூடியூப். பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு நானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். "பையனைத் திருத்தப் போனவர் திருந்தி வந்திருக்கார்" என்று என் மனைவி எதிர்வீட்டில் சொன்னதாகத் தகவல்.

அடிப்படை எளிது. உருவத்துக்குள் ஒரு எலும்புக்கூடு வைக்கிறார்கள். எந்த எலும்பு அசைந்தால் எந்தச் சதை கூட வரவேண்டும் என்று பாகப்பிரிவினை செய்கிறார்கள். இதில் தப்பு நடந்தால் முழங்கையை மடக்கும்போது இடுப்பும் கூடவே வரும். எங்களுக்கு வந்தது! அப்புறம் முக்கியமான நிலைகளை மட்டும் நாம் நிறுத்திவைக்க, நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டர் நிரப்பிக்கொள்கிறது.

ஓர் அடி நடையில் நாலு நிலை. குதிகால் தரையைத் தொடுவது, பாரம் இறங்கி உடம்பு அமுங்குவது, ஒரு கால் இன்னொரு காலைக் கடப்பது, உடம்பு எழும்புவது. சினிமாக் கணக்கில் ஒரு விநாடிக்கு 24 படம். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 படம். இடது, வலது இரண்டு அடியும் முடிந்து கடைசிப் படம் முதல் படத்தோடு போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிவிட்டால் பொம்மை ஆயுசு பூரா நடக்கும்.

எங்கள் பொம்மையும் நடந்தது. ஆனால் அது நடை இல்லை. தரைக்கு ஓர் அங்குலம் மேலே, சறுக்கிக்கொண்டு, ஆவி மாதிரி! விரைப்பாகக் கையை வீசினால் போலீஸ், வீசாவிட்டால் ஆவி. மூன்று வாரம் இதே கதை. நாம் ஒரு வயதில் கற்றுக்கொண்டு அதோடு மறந்துபோன விஷயம், கூடத்தில் வைத்து எங்கள் மானத்தை வாங்கியது.

கேம் என்பதால் இன்னொரு தலைவலி. சினிமாவில் கதாநாயகன் எப்போது தாவுவான் என்று டைரக்டருக்குத் தெரியும். தாவுவதற்கு முன்னால் பதுங்கவைத்து, கையைப் பின்னால் இழுத்து, அழகாக எகிறவிடலாம். கேமில் ஆட்டக்காரன் பட்டனைத் தட்டின மறுகணம் உருவம் தாவ வேண்டும். பல கேம்களில் ஒரு விநாடிக்கு 60 படம் ஓடுகிறது. பதுங்கலுக்கு அரை விநாடி எடுத்துக்கொண்டால், "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று பையன்கள் கீபோர்டைக் குத்துவார்கள். அழகு வேண்டுமானால் வேகம் போகும். வேகம் வேண்டுமானால் அழகு போகும். இந்த வியாபாரத்தில் சம்பளமே இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரிந்தவனுக்குத்தான்.

நம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மேனேஜருக்குத் தெரியாமல் ஆடின 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஞாபகம் இருக்கிறதா? 1989-ல் வந்தது. ஜோர்டான் மெக்னர் என்கிற இளைஞர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அந்தப் படங்களின் மேலேயே ஒவ்வொன்றாக வரைந்து அந்த இளவரசனைச் செய்தார். விளிம்பில் தொங்கி மேலே ஏறும்போது நமக்கே மூச்சு முட்டியதே, அதன் ரகசியம் அந்தத் தம்பி!

நம் நாட்டிலும் ஆள் இருக்கிறார்கள். புனேயின் 'நாடிங் ஹெட்ஸ்' என்கிற சின்ன நிறுவனம், தம்பியைத் தேடிப்போகிற ஒரு பெண்ணை நாயகியாக வைத்து 'ராஜி' என்று ஒரு கேம் செய்தது. 2017-ல் இணையத்தில் மக்களிடம் பணம் திரட்டிப் பார்த்தார்கள், இலக்கு எட்டவில்லை. அப்படியும் விடாமல் 2020-ல் வெளியிட்டார்கள். அந்த வருஷ 'கேம் அவார்ட்ஸ்' போட்டியில் சிறந்த அறிமுக கேம் பட்டியலில் அது இருந்தது. பரிசு வேறு ஒரு கேமுக்குப் போனது. இருந்தாலும் பையன் அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து என் மேஜை மேல் ஒட்டிவிட்டான்.

உடனே எல்லாம் ரோஜாப்பூ என்று நினைக்க வேண்டாம். 2023, 2024 இரண்டு வருஷமும் உலகம் பூரா பெரிய பெரிய கேம் கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. இதை அக்காவிடம் சொல்லவில்லை. பையனிடம் சொன்னேன். "பேங்க்ல மட்டும் சீட் காலியாவா மாமா இருக்கு?" என்றான். அதுவும் சரிதான்.

ஆவிக்கு விமோசனம் பங்குனியில் கிடைத்தது.

பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து உறையூருக்கு, கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி சேவைக்குப் போவார். காஞ்சிக்குக் குடையழகு, அரங்கத்துக்கு நடையழகு என்று சும்மாவா சொன்னார்கள்? அத்தனை வருஷமாக நான் பெருமாளைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பல்லக்கைத் தூக்கி வந்தவர்களின் காலைப் பார்த்தேன்.

"மாமா, இடுப்பைப் பாருங்க" என்று கிசுகிசுத்தான் பையன்.

ஒரு கால் எழும்புகிற கணத்தில் உடம்பு மொத்தமும் ஊன்றின கால் பக்கம் சாய்கிறது. இடுப்பு ஒரு பக்கம் இறங்கி, மறுபக்கம் ஏறுகிறது. முழங்கால் நீட்டமாக நிற்பதே இல்லை. மடங்கி மடங்கி பாரத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் கீழே அத்தனை கால்கள் ஏறி இறங்கினாலும் மேலே பெருமாள் மிதக்கிறார். ஆற்று மணலில் இறங்கினதும் அதே கால் வேறு காலாகிவிட்டது. அடி குட்டை, பாதம் முழுசாக அமுங்குகிறது, விரல்கள் மணலைப் பிடித்துத் தள்ளுகின்றன.

வைகுண்ட ஏகாதசிக்கு வந்தவர்கள் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விக்கிரகத்தின் கையோ காலோ அசையப்போவதில்லை. தூக்குகிறவர்கள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துகிற நகர்த்தலிலேயே சிங்கம் தெரியும், பாம்பு தெரியும். எலும்புக்கூடே இல்லாமல் செய்கிற அனிமேஷன்! கைகால் அப்புறம், முதலில் உடம்பின் பாரம் எங்கே போகிறது என்று பார் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நாங்கள் மூன்று வாரமாகக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம்!

சேஷராயர் மண்டபத்துக்கும் போனோம். முன்னங்காலைத் தூக்கி எகிறுகிற அந்தக் கல் குதிரைகள் முன்னால் பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். டூரிஸ்ட் என்று நினைத்து ஒருவர் அவனிடம் இங்கிலீஷில் விலை சொன்னார்.

அன்று ராத்திரி காலை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து ஆரம்பித்தான். விடியற்காலை நாலு மணிக்கு என்னை எழுப்பினான். திரையில் பொம்மை நடந்துகொண்டிருந்தது. தரையில். கனத்தோடு. தூக்கக் கலக்கத்தில் எனக்கு லேசாகப் பயமாகக்கூட இருந்தது.

அந்த நடையை சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினான். ஏழு நாளில் ஒரு பரீட்சை கொடுத்தார்கள். உருவம் ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். காந்தி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர்களை இரண்டு நாள் நின்று பார்த்து, செய்து அனுப்பினான். 'மூட்டை கனக்கவில்லை' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை முயற்சி செய்யலாமாம்.

சித்திரைக்குப் பத்து நாள்தான் பாக்கி. எங்கள் வீட்டு 25 கிலோ அரிசி மூட்டையைப் பையன் தானே மாடிக்கும் கீழேயுமாகத் தூக்கினான். நான் செல்போனில் படம் எடுத்தேன். பதினோராவது தடவை மூட்டை கிழிந்து படிக்கட்டெல்லாம் பொன்னி. என் மனைவி அன்றைக்குப் பேசினதை எழுத பத்திரிகையில் இடம் போதாது. ஆனால் அந்தப் பத்துத் தடவையில் ஒரு விஷயம் பிடிபட்டது. மூட்டை கிளம்புவதற்கு முன்னால் ஆள் ஒரு கணம் தோற்கிறான். கை இழுக்கிறது, மூட்டை நகரவில்லை, அப்புறம்தான் முதுகும் தொடையும் சேருகின்றன. அந்த ஒரு கணத்தைப் பொம்மைக்குள் வைத்து அனுப்பினான்.

பங்குனி 28-ம் தேதி பதில் வந்தது. ஆறு மாசம் பயிற்சி, மாதம் 12,000.

அக்கா சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பன்னெண்டாயிரத்துல மெட்ராஸ்ல எப்படிடா சாப்பிடுவான்?" என்றாள். "பொம்மைக்கு நடை சொல்லித் தர்றானாமே, இவனே கூன் போட்டுண்டுன்னா நடக்கிறான்!" ஆனாலும் ரயிலேற்றிவிட ஜங்ஷனுக்கு வந்தாள். பொடி, ஊறுகாய், புதுத் தலையணை எல்லாம் சகிதம்.

போன வாரம் செல்போனில் ஒரு சின்ன வீடியோ அனுப்பியிருந்தான். ஏதோ கேமில் கடைத்தெரு. கதாநாயகன் ஓடுகிறான். பின்னால் ஓரமாக ஒரு ஆள், இடது தோளில் ஜோல்னாப் பை, அந்தத் தோள் மட்டும் இறங்கி, பாதத்தை லேசாக வெளிப்பக்கம் வைத்து, யாருக்கோ பாக்கி வைத்தவன் மாதிரி அவசரமாக நடந்து போகிறான்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.