ஆசனம் பதிவதா, பதியாது செல்வதா?

மலைநாட்டுப் புகையிரதப் பயணம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், ஆசனத்தை முன்னரே பதிந்துகொள்வதா, பதியாமலே செல்வதா என்னும் வினாவும் உடனெழுகின்றது. ‘பதிவதே பாதுகாப்பு’ என்பார் ஒருசாரார். ‘வீண்செலவு’ என்பார் மற்றொருசாரார். இரண்டும் ஒவ்வோரிடத்துப் பொருந்துவன. எவ்விடத்து எது பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது.

என்னிடம் பயின்று இப்போது ஜெர்மனியில் வாழும் மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்திருந்தார். “அங்கே வட்டாரப் புகையிரதங்களில் யாரும் ஆசனம் பதிவதில்லை, ஐயா. வெற்றிடம் கண்டால் அமர்வோம்” என்றார். உண்மையே. இத்தாலியில் ‘ரெஜியோனாலே’ என வழங்கும் வண்டிகளிலும் ஆசன எண் கிடையாது. ஒரு வண்டி தவறினாற் பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடுத்தது வந்துவிடும்; ஆதலின் அங்கே பதிவு வேண்டப்படுவதில்லை. ஆயினும், சுவிற்சர்லாந்தின் ‘கிளேசியர் எக்ஸ்பிரஸ்’ வண்டியிற் பதிவின்றிப் பயணஞ் செய்தல் இயலாது. வண்டிக்கு வண்டி வழக்கு வேறுபடுகின்றது.

நம் நாட்டுக்கு வருவோம். 1867-இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதை, பதுளையை அடைந்தது 1924-இல். கண்டியிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ ஏழு மணிநேரப் பயணம். நாளொன்றுக்குச் சில வண்டிகளே. அவற்றுள்ளும் ‘உடரட்ட மெனிக்கே’ கண்டிக்குள் வாராது பேராதனைச் சந்தியோடு சென்றுவிடும். ‘பொடி மெனிக்கே’ கண்டிக்கு வந்து செல்லும். அதுவும் கொழும்பிலேயே பயணிகளை நிறைத்துக்கொண்டு வருவது. ஆதலின் கண்டியிற் பதிவின்றி ஏறுவோர், ஹற்றனிலோ நானுஓயாவிலோ சிலர் இறங்கும்வரை நிற்க நேர்வது இயல்பு.

ஹுன்னஸ்கிரியவில் வாழும் எமக்கு மற்றுமோர் இடர் உண்டு. எம்மூரிற் புகையிரதம் இல்லை. தெல்தெனிய வழியாகப் பஸ்ஸிலே கண்டிக்கு இறங்கவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபட்டால், பதிந்த ஆசனம் எம்மை விட்டுப் போய்விடும்.

எழுபது கடந்த என் தமக்கையார் பதுளைக்குப் புறப்பட்டபோது இவையனைத்தையும் எண்ணிப் பார்த்தேன். “தம்பி, ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலும் போகட்டும், முழங்கால் நோவோடு என்னை நிற்க வைத்துவிடாதே” என்றார் அவர். அவ்வொரு சொல்லே முடிவைத் தந்தது. செல்லும்போது இருவருக்கும் ஆசனம் பதிந்தோம். முதல்நாளே கண்டிக்குச் சென்று தங்கினோம். திரும்பும் நாள் உறவினர் வீட்டு அலுவலைப் பொறுத்ததாதலின் அதற்குப் பதியவில்லை. பதுளை வண்டி புறப்படும் இடமாதலால், நேரத்தோடு சென்றோர்க்குப் பதிவின்றியும் இருக்கை கிடைத்தது.

இதில் நம் வசதி மட்டுமன்றிப் பிறர் உரிமையும் அடங்கியுள்ளது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எல்ல செல்லும் வண்டிகளின் பதிவுச் சீட்டுகள் இணையத்தில் வெளிவந்த சில கணங்களிலேயே தீர்ந்தமை பெருங்கேள்வியாகிக் குற்றப் புலனாய்வு வரை சென்றது. சீட்டுகளை வாங்கிக் குவித்துக் கூடிய விலைக்கு விற்போர் ஒருபுறம்; வேலை முடிந்து வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளி மறுபுறம். முப்பது நாளுக்கு முன்னரே தன் பயணத்தைக் குறிக்க அவரால் இயலுமா? பதிவில்லாப் பெட்டியே அவருக்குரிய இடம். அப்பெட்டிகள் குறையுமாயின் அவர் எங்கே ஏறுவார்?

2025 நவம்பர் இறுதியில் வீசிய ‘திட்வா’ புயலால் மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சிதைந்தது. ஆகவே புறப்பட எண்ணுவோர், வண்டி எதுவரை செல்கின்றது என்பதை முதலிற் புகையிரத நிலையத்தில் விசாரித்தறிக. பின்னர், அடுத்த வண்டிக்கு எத்துணை நேரம் காத்திருத்தல் வேண்டும், உடன் வருவோர் நிற்க வல்லரோ என்னும் இரண்டையும் எண்ணுக. நெடுந்தூரம் செல்லும் முதியோரும் குழந்தையுடையோரும் பதிந்தே செல்க. அண்மையில் இறங்கும் இளைஞர் பதியாது சென்றாற் குறைவொன்றுமில்லை. போவது உறுதியாகுமுன், ‘கிடக்கட்டும்’ என்று ஆசனத்தைப் பதிந்துவைத்தல் மட்டும் எவர்க்கும் தகாது. அவ்வெற்றாசனத்தின் அருகே நின்றுகொண்டு வருபவர் இன்னொருவர் தமக்கையாராகவும் இருக்கலாம்.