இலையில் உறையும் எண்ணெய்
வாசனை எண்ணெய்களின் வரலாறும் கமக்காரர் அவற்றைக் கையாளும் முறையும்

விதைநெல்லுடன் நொச்சியிலை இட்டு வைத்தல், தடிமன் கண்டவர்க்கு வேது பிடித்தல், வயிற்றுப் பொருமலுக்கு ஓமத் திராவகம் கொடுத்தல் ஆகியன நம் முன்னோர் கைக்கொண்ட முறைகளாகும். இவை வெவ்வேறாகத் தோன்றினும், மூன்றிலும் தொழிற்படுவது ஒன்றே. தாவரங்களின் இலை, பட்டை, வேர், விதை முதலியவற்றில் நுண்ணிய பைகளுள் தங்கியிருக்கும் வாசனை எண்ணெயே அது. அதன் இயல்பை அறிந்தவர் அதனால் நன்மை பெறுவர். அறியாதவர் அதனையே நம்பி விதைநெல்லை இழக்கவும் கூடும்.

வாசனை எண்ணெயின் இயல்பு

தேங்காயெண்ணெயையும் வேப்பெண்ணெயையும் ஒரு தாளில் துளியளவு இட்டால், அக்கறை மறையாது. தூய வாசனை எண்ணெயோ சிறிது நேரத்தில் ஆவியாகிக் கறையின்றி மறையும். இவ்வாறு பறந்து செல்வதே அதன் தலையாய குணம்.

இக்குணத்தினாலேயே அதனை நீராவியின் துணைகொண்டு பிரித்தெடுக்கலாம். வேதுப் பானையில் நொச்சியிலை கொதிக்கும்போது எழும் ஆவி, இலையின் எண்ணெயையும் சுமந்து வருகிறது. அவ்வாவியைக் குழாய் வழியே செலுத்திக் குளிரச் செய்தால் நீரும் எண்ணெயும் வெவ்வேறாகப் பிரியும். சித்திரனெல்லா எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். கறுவா இலை எண்ணெய் நீரிலும் கனமானதாகையால் அடியில் தங்கும்.

இலங்கையின் சித்திரனெல்லா

சிங்களத்தில் பங்கிரி எனப்படும் சித்திரனெல்லாப் புல், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் பெருமளவிற் பயிரிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சவர்க்காரத்துக்கும் வாசனைப் பொருள்களுக்கும் வேண்டிய இவ்வெண்ணெயை உலகுக்கு வழங்கிய முதன்மை நாடு இலங்கையே.

ஆயினும், எண்ணெயுடன் மண்ணெண்ணெய் கலந்து விற்கும் தீய வழக்கம் பரவியது. மண்ணெண்ணெயும் ஆவியாவதால், தாளில் இடும் சோதனை இக்கலப்பைக் காட்டிக் கொடுப்பதில்லை. எனவே, எண்ணெய் சாராயச் சத்தில் தெளிவாகக் கரைகிறதா என்று பார்க்கும் சோதனையை ஜேர்மனியின் சிம்மல் நிறுவனத்தார் ஏற்படுத்தினர். இதற்கிடையில் இலங்கையிலிருந்து யாவாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட மற்றோரினப் புல், அங்கு மேலான எண்ணெயைத் தந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாவா எண்ணெய் சந்தையில் முந்திக்கொண்டது. கலப்படத்தால் கெட்ட பெயரை மீட்பது எளிதன்று என்பதை விளைபொருள் விற்கும் யாவரும் இதனால் உணரலாம்.

விரட்டுவதும் அழைப்பதும்

நுளம்பை விரட்டும் இவ்வெண்ணெய் வேறொரு பூச்சியை அழைப்பதை, பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சியியலார் ஹவ்லெற் 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழ ஈயின் ஆண் ஈக்கள் அம்மணத்தை நாடி வந்தன. எண்ணெயிலுள்ள மெதயில் இயூஜினோல் என்னும் பொருளே அவற்றை இழுக்கிறது என்பதை 1915இல் அவர் எடுத்துக்காட்டினார். இன்று பழ ஈப் பொறிகளில் அப்பொருளே வைக்கப்படுகிறது. துளசியிலும் அது காணப்படுவதால், நசுக்கிய துளசியிலையைப் பொறியில் இடுவதும் உண்டு. மணம் பறந்துவிடுமாதலால் இலையை அடிக்கடி மாற்றுதல் வேண்டும்.

ஆனால் மா, கொய்யா ஆகியவற்றைத் தாக்கும் ஈயே இம்மணத்துக்கு வரும். பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றைக் கெடுக்கும் ஈ இதற்கு வராது. ஆகவே மரக்கறித் தோட்டக்காரர் துளசிப் பொறியை நம்பியிராது, புழுவேறிய காய்களை நாள்தோறும் பொறுக்கி ஆழக் குழியிற் புதைத்தல் வேண்டும்.

விதைநெல்லைக் காத்தல்

நொச்சியிலையின் மணம் அந்துப்பூச்சியையும் வண்டையும் அண்டவிடாது ஓரளவு தடுக்கும். எனினும் நெல்மணிக்குள் புகுந்துவிட்ட புழுவை அது கொல்லாது. ஈரநெல்லையும் அது காப்பாற்றாது. எனவே பின்வருவனவற்றைக் கவனித்தல் நன்று.

1. விதைநெல்லின் ஈரம் 13 வீதத்துக்கு மேற்படாதவாறு முதலில் நன்கு காயவிடுக.

2. இலையைப் பச்சையாக இடற்க; அதன் ஈரம் நெல்லைக் கெடுக்கும். வெயிலிலும் காயவிடற்க, எண்ணெய் பறந்துவிடும். நிழலில் உலர்த்தி இடுக.

3. மணம் குன்றியதும் புதிய இலையை மாற்றுக.

4. பழைய சாக்குகளை உதறி, வெயிலிற் காயவிட்ட பின்னரே நெல்லை நிரப்புக.

எச்சரிக்கை

உடம்பிற் பூசிய சித்திரனெல்லா எண்ணெய் இரண்டு மணி நேரத்துக்குமேல் நுளம்பைத் தடுப்பது அரிது, மீண்டும் பூசவேண்டும். வாசனை எண்ணெய் எதனையும் உட்கொள்ளலாகாது; குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், இருண்ட நிறப் போத்தலில் இறுக மூடி வைத்தல் வேண்டும். நெருப்பின் அருகே வைத்தலும் ஆகாது.

கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பகுதிக் கமக்காரர் வேலியோரத்தில் நொச்சியும் வரப்போரத்தில் சேரைப்புல்லும் வளர்த்து வருதல் பயனுடைத்து. ஆயினும் நெல்லை முதலிற் காப்பது வெயிலும் துப்புரவுமே. இலையின் மணம் அவற்றுக்குத் துணையாகுமேயன்றி, அவற்றின் இடத்தைப் பெறாது.