கன்னம் மரத்துப்போனால்

தியாகராய நகர் ஜவுளிக் கடைகளுக்குச் சேலைக் கட்டுகளையும், மயிலாப்பூர், அடையாறு வட்டாரங்களுக்குக் காய்கறி மூட்டைகளையும் இருசக்கர வண்டியில் கொண்டு செல்லும் அங்கத்தினர் உளர். வண்டி சறுக்கி விழுந்தால் கன்ன எலும்போ தாடையோ முறிவதுண்டு. எலும்பு பொருந்திய பின்னரும் கன்னம் உணர்ச்சியற்றிருப்பதைக் கண்டு, முகவாதமோ என்று அஞ்சுவோருக்காக இதனை எழுதுகிறோம்.

முகத்தசைகளை அசைக்கும் நரம்பு வேறு. தொடுவுணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு வேறு. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் முன்னது ஏழாவது; பின்னது ஐந்தாவது. கண்ணை இறுக மூடவும், வாய் கோணாமல் சிரிக்கவும் முடியுமாயின் அது முகவாதமன்று. ஐந்தாவது நரம்பின் கிளையொன்று கண்குழியின் அடித்தளத்திலுள்ள எலும்புக் கால்வாய் வழியே வந்து, கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு ஆகியவற்றிற் பரவுகிறது. கன்ன எலும்பு முறிகையில் இக்கிளை நசுங்கக்கூடும். கீழ்த்தாடை முறிந்தால் அதனுள் ஓடும் வேறொரு கிளை ஊறுபட்டுக் கீழுதடும் மோவாயும் மரக்கும்.

நரம்பென்பது உறைக்குள் அடங்கிய இழைகளின் கற்றை. அதன் ஊறுகளை ஆங்கில வைத்தியர் ஹெர்பர்ட் செடன் 1943இல் மூவகையாகப் பகுத்தார். இழை அறாமல் அதிர்ச்சியால் மட்டும் செயலற்றிருப்பின் சில வாரங்களில் உணர்ச்சி திரும்பும். உறை நிலைத்து இழை மட்டும் அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள பகுதி அழிந்து, புதிய இழை அவ்வுறை வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். ஆகவே பல மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். முழுவதும் துண்டுபட்ட நரம்பு தானே செம்மையாகக் கூடுவது அரிது. சிலருக்குச் சிறிது மரப்பு நிலையாகத் தங்குவதும் உண்டு.

குறுகுறுப்பும் சுரீரென்ற குத்தலும் பெரும்பாலும் இழை வளர்வதன் அறிகுறிகள். அவற்றுக்கு அஞ்ச வேண்டா. மரத்த பகுதியின் எல்லையை மாதந்தோறும் ஒரு தாளில் வரைந்து வைத்தால், அது சுருங்கி வருவதை வைத்தியரும் அறியலாம்.

மரத்த உதடு சூட்டை உணராது. காப்பியை ஆற்றிப் பருகுக. ஒத்தடமும் எரிச்சலூட்டும் தைலமும் தவிர்க்க. சவரத்தில் கவனம் வேண்டும். இழையை உதட்டில் கவ்வும் நெசவாளர் சில காலம் அப்பழக்கத்தை விடுதல் நலம். கன்ன எலும்பு முறிந்தோர் வைத்தியர் அனுமதிக்கும் வரை மூக்கைச் சிந்தலாகாது.

பொருள் இரண்டாகத் தெரிதல், பார்வை மங்கல், மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிதல், பற்கள் பொருந்தாமை ஆகியவை அபாயக் குறிகள். இவை தோன்றின் அன்றே ராயப்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற இடத்துக்குச் செல்க. விலகிய எலும்பை முதல் இரண்டு வாரங்களுக்குள் சீர்ப்படுத்துவது எளிது; பிந்தினால் அது விலகியபடியே கூடிவிடும். சிகிச்சைக்கு முன்னரே மரப்பு உண்டென்பதை வைத்தியரிடம் சொல்லிக் குறிக்கச் செய்க.

தலையை மட்டும் மூடும் கவசம் தாடையைக் காவாது. மோவாய் வரை மறைக்கும் கவசத்தையே அங்கத்தினர் அணிய வேண்டுகிறோம்.